பில்லி எலியட்டின் பஸ் காசு

பாலே நடனம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? வெள்ளை உடை, அன்னம் மாதிரி கழுத்து, கால் நுனியில் நின்று சுழலும் பெண்கள்... எனக்கு பஸ் டிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

2000 ஆம் ஆண்டு வந்த 'பில்லி எலியட்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: 1984-85 இல் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம். வடக்கு இங்கிலாந்தில் ஒரு சுரங்க ஊர். அம்மா இல்லாத 11 வயதுப் பையன் பில்லி. குத்துச்சண்டை பழக அப்பா கொடுக்கும் 50 பென்ஸில் யாருக்கும் தெரியாமல் பாலே கற்றுக்கொள்கிறான். திறமை இருக்கிறது. லண்டனில் இருக்கும் ராயல் பாலே பள்ளியின் ஆடிஷனுக்குப் போக வேண்டும். போக காசு இல்லை. வேலைநிறுத்தத்தில் உறுதியாக நின்ற அப்பா, மகனுக்காகக் கொள்கையை விட்டு சுரங்கத்துக்குள் போகத் துணிகிறார். மூத்த மகன் ஓடி வந்து தடுக்கிறான். கடைசியில் ஊர்க்காரர்கள் சில்லறை சேர்க்கிறார்கள், இறந்த மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த அப்பாவை உடைப்பது பள்ளிக் கட்டணம் இல்லை. கட்டணம் பற்றிய பேச்சே படத்தில் பெரிதாக வராது. அவரை உடைப்பது லண்டன் வரை போய்வர ஆகும் செலவு. பஸ் காசு!

இந்தப் பதிவில் நான் சொல்ல நினைப்பது அதைத்தான். ஏழைப் பிள்ளையும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளையும் பாலே பள்ளியின் வாசலில் நிறுத்தப்படுவதில்லை. வாசலுக்குப் போகிற வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். உதவித் திட்டங்களோ வாசலில் காத்திருக்கின்றன.

முதலில் வாசலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற பாலே பள்ளி ராயல் பாலே பள்ளி. நினெட் டி வலோய் 1926 இல் தொடங்கிய சிறு நடனப் பள்ளியில் இருந்து வளர்ந்தது. 11 வயதில் சேரும் பிள்ளைகள் 16 வயது வரை லண்டனின் ரிச்மண்ட் பார்க்கில் உள்ள ஒயிட் லாட்ஜில் தங்கிப் படிக்கிறார்கள். ஒரு காலத்தில் அது ராஜா வேட்டைக்கு வந்து தங்கிய மாளிகை. கட்டிடத்தைப் பார்த்தாலே, "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா" என்று தோன்றிவிடும். முழுக் கட்டணமும் அதற்கேற்ற மாதிரிதான், தங்கிப் படிக்க ஆண்டுக்கு 30,000 பவுண்டுக்கு மேல். பிரிட்டனில் ஒரு நடுத்தரக் குடும்பம் வரி போகக் கையில் பெற்ற ஆண்டு வருமானம் 2023 இல் சுமார் 34,500 பவுண்டு. ஆக, ஒரு பிள்ளையின் கட்டணத்துக்கே கிட்டத்தட்ட குடும்பத்தின் மொத்த வருமானமும் போய்விடும்.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? இங்கிலாந்து அரசு இந்த வாசலை சும்மா மூடி வைக்கவில்லை. 'மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. நான்கு நடனப் பள்ளிகள், நான்கு இசைப் பள்ளிகள் அதில் உண்டு. தேர்வான பிள்ளையின் பெற்றோர் வருமானத்தைப் பார்த்து, அவர்கள் இவ்வளவு கட்டினால் போதும் என்று கணக்குப் போடுவார்கள், மீதியை அரசு கட்டும். வருமானம் மிகவும் குறைவு என்றால் முழுதும் அரசே. நல்ல திட்டம். கட்டணத்தைப் பார்த்து பயந்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் பெற்றோர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் என்ன பிரச்சினை என்கிறீர்களா? 11 வயதில் அந்த ஆடிஷனுக்கு வந்து நிற்கிற பிள்ளை யார் என்பதுதான் பிரச்சினை.

பாலே திடீரென்று 11 வயதில் தொடங்குவது இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் நான்கைந்து வயதில் தெருமுனை நடனப் பள்ளியில் தொடங்குகிறார்கள். பிறகு ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் நடத்தும் கிரேடு தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், குறிப்பிட்ட உடை. எட்டு வயதில் ராயல் பாலே பள்ளியே நடத்தும் 'ஜூனியர் அசோசியேட்ஸ்' வார இறுதி வகுப்பு, அதற்கும் ஒரு ஆடிஷன். அது உங்கள் ஊரில் நடக்காது, ஏதோ ஒரு பெரிய நகரத்துக்குப் போக வேண்டும். கோடை விடுமுறையில் சிறப்புப் பயிற்சி முகாம். எதுவும் கட்டாயம் இல்லைதான். ஆனால் பக்கத்தில் நிற்கிற பிள்ளை இதையெல்லாம் முடித்துவிட்டு வந்திருக்கும்போது உங்கள் பிள்ளை மட்டும் வாரம் ஒரு வகுப்போடு வந்து நின்றால் என்ன ஆகும்?

பொருளாதாரம் படிக்கிறவன் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது :-) இது ஆய்வு இல்லை, நானே வைத்துக்கொண்ட எண்கள். பத்து வயதுச் சிறுமி. வாரம் நான்கு வகுப்பு, ஒன்றுக்கு 8 பவுண்டு, ஆண்டுக்கு 36 வாரம்: 1,152 பவுண்டு. 30 சனிக்கிழமைகள் அம்மாவும் பெண்ணும் வேறு நகரத்துக்கு ரயிலில் போய்வர, நாளுக்கு 40 பவுண்டு: 1,200. உடை, மென்காலணி, தேர்வுக் கட்டணம், ஒரு வாரக் கோடை முகாம் எல்லாம் சேர்த்து 700. மொத்தம் 3,052 பவுண்டு. மேலே சொன்ன நடுத்தரக் குடும்பத்தின் வருமானத்தில் ஏறக்குறைய 9 சதவீதம். வாடகை, சாப்பாடு, மின்சாரம் எதையும் இன்னும் தொடவே இல்லை. இதில் பெரிய தொகை எது என்று பாருங்கள். ரயில் டிக்கெட். மறுபடியும் பஸ் காசு கதைதான்!

எண்ணில் வராத செலவும் உண்டு. எங்கள் பாடத்தில் அதற்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது விட்டுக்கொடுக்கும் இன்னொன்றின் மதிப்பு. சனிக்கிழமை முழுவதும் அம்மா ரயிலில் இருந்தால் அவருடைய சனிக்கிழமை ஷிஃப்ட் போச்சு. கடைக்கு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது நேரடி சம்பள இழப்பு. மாதச் சம்பளமும் வார இறுதி விடுமுறையும் உள்ள அம்மாவுக்கு அது வெறும் களைப்பு. ஒரே வகுப்பு, ஒரே டிக்கெட், ஆனால் விலை வேறு. வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால்? அக்காவின் ஆடிஷனுக்காகத் தம்பியின் நீச்சல் வகுப்பு நிற்கும், குடும்பச் சுற்றுலா நிற்கும். தம்பி வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டான். சொல்லாததால் அந்தச் செலவு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

காலணி விஷயம் தனிக் கதை. கால் நுனியில் நிற்க உதவும் 'பாயிண்ட் ஷூ'வைப் பார்த்தால் உள்ளே இரும்போ மரமோ இருக்கும் என்று தோன்றும். உண்மையில் துணி, அட்டை, பசை, மேலே சாட்டின், அவ்வளவுதான். வியர்வையிலும் உடல் எடையிலும் பசை இளகியதும் ஷூவின் ஆயுள் முடிந்துவிடும். மேடைக் கலைஞர் ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடலாம். தீவிரமாகப் பயிலும் மாணவிக்குச் சில வாரங்கள் வந்தால் அதிர்ஷ்டம். ஒரு ஜோடி 50 பவுண்டுக்கு மேல். ரிப்பனையும் எலாஸ்டிக்கையும் நாமே வாங்கித் தைத்துக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகள் பொதுவாக இதைப் போடத் தொடங்குவது 11, 12 வயதில். வளர்கிற கால், அளவும் மாறிக்கொண்டே இருக்கும்.

அதில் நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வரி வேறு. பாயிண்ட் ஷூ காலங்காலமாக வெளிர் இளஞ்சிவப்பு. வெள்ளைக்காரர் தோலோடு ஒத்துப்போய், கால் நீண்டு தெரிய வேண்டும் என்பதற்காக. கறுப்பின, ஆசிய நடனக்காரர்கள் ஃபவுண்டேஷன் கிரீம் வாங்கி ஒவ்வொரு ஷூவுக்கும் பூசிக்கொள்ள வேண்டி இருந்தது, சொந்தக் காசிலும் சொந்த நேரத்திலும். லண்டனின் ஃப்ரீட் நிறுவனம், பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிற ஷூக்களைக் கொண்டுவந்தது 2018 இல்தான். நிறுவனம் தொடங்கியது 1929 இல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வாசல் பக்கமும் இப்போது கொஞ்சம் இறுகியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி. இந்த நடனப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளே. இந்தத் திட்டத்தில் இருக்கும் குடும்பங்களில் வருமானம் 45,000 பவுண்டுக்குக் கீழே என்றால், வரியால் அவர்களின் பங்கு கூடாது என்று அரசு அறிவித்தது. சரி. ஆனால் 47,000 சம்பாதிக்கிற நர்ஸ்-டிரைவர் குடும்பம்? அவர்களை யாரும் ஏழை என்று சொல்லமாட்டார்கள், அவர்களும் தங்களைப் பணக்காரர் என்று நினைக்கமாட்டார்கள். எந்த நாட்டிலும் கோடு போட்டால் கோட்டுக்கு ஒரு அடி மேலே நிற்பவனுக்குத்தான் அடி பலமாக விழும்.

வேறு வழியே இல்லையா? கியூபாவைப் பாருங்கள். கார்லோஸ் அகோஸ்டா 1973 இல் ஹவானாவில் பிறந்தவர். அப்பா லாரி டிரைவர், வீட்டில் 11 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. பையன் தெருவில் சுற்றிக் கெட்டுப்போகக் கூடாது என்று அப்பா பாலே பள்ளியில் சேர்த்துவிட்டார். அது இலவசம், மதியச் சாப்பாடும் உண்டு. பையனுக்குப் பிடித்தது கால்பந்து, வகுப்பைக் கட் அடித்துவிட்டு ஓடுவான். அதே பையன் 1990 இல் லோசான் போட்டியில் தங்கப் பதக்கம், 1998 இல் லண்டன் ராயல் பாலே, 2020 இல் பர்மிங்ஹாம் ராயல் பாலேயின் இயக்குநர். 1959 புரட்சிக்குப் பிறகு கியூப அரசு பாலேவைத் தன் செலவில் நடத்தியதன் பலன் இது. கியூபா சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. சம்பளம் போதாமலும் சுதந்திரம் போதாமலும் அங்கிருந்து வெளியேறிய நடனக்காரர்கள் ஏராளம். ஆனால் பாலே மீது ஆசையே இல்லாத லாரி டிரைவர் மகனை ஒரு மேதையாக்க வேண்டுமானால், முதல் நாள் வகுப்பே இலவசமாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஏழை நாடு காட்டிவிட்டது.

நம் நாட்டுப் பிள்ளைகள் லண்டன் போன கதைகளும் உண்டு. மும்பையில் வெல்டர் ஒருவரின் மகன் அமிருத்தீன் ஷா 2017 இல் ராயல் பாலே பள்ளிக்குத் தேர்வானார். டெல்லியில் இ-ரிக்‌ஷா ஓட்டுநரின் மகன் கமல் சிங் 2020 இல் இங்கிலிஷ் நேஷனல் பாலே பள்ளிக்குப் போனார். செலவுக்குப் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டினார்கள், பத்திரிகைகள் எழுதின, நடிகர்களும் கொடுத்தார்கள். மனசு நிறைந்த விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வெல்டர் மகன், ரிக்‌ஷாக்காரர் மகன் என்றால் தலைப்புச் செய்தி. ஒரு குமாஸ்தாவின் மகளுக்கு யார் தலைப்பு போடுவார்கள்? திறமைக்குப் பணம் கிடைப்பது நியாயம். திறமையோடு ஒரு கண்ணீர்க் கதையும் இருந்தால்தான் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் லாட்டரி.

"பசியும் குளிரும் இருக்கிற நாட்டில் பாலேவுக்கு வரிப்பணமா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் வரிப்பணம் ஏற்கெனவே போகிறது. பெரிய பாலே குழுக்கள் அரசு மானியம் பெறுகின்றன. எல்லோர் வரியிலும் நடக்கிற கலையில், செலவு செய்ய முடிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஆடினால் அதுதான் அநியாயம். பாலே வேண்டாம் என்றால் மொத்தமாக வேண்டாம் என்று சொல்லுங்கள், புரிகிறது. வேண்டும் என்றால் வழியையும் திறந்து வையுங்கள்.

அது பெரிய செலவும் இல்லை. லண்டனில் ராயல் பாலே 1991 இல் 'சான்ஸ் டு டான்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளுக்கே போய்ப் பார்த்து, ஆர்வமும் உடல்வாகும் உள்ள பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. பிரிக்ஸ்டனில் வளர்ந்த ஷெவெல் டைனாட் அப்படி வந்தவர்தான். ராயல் பாலே பள்ளியில் படித்து இங்கிலிஷ் நேஷனல் பாலேயில் ஆடினார். இங்கே பிள்ளை ரயில் ஏறவில்லை, ஆசிரியர் பஸ் ஏறினார். அவ்வளவுதான் வித்தியாசம். ஒயிட் லாட்ஜில் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு செலவாகும் பணத்தில் எட்டு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வகுப்பும் பயணப்படியும் கொடுக்கலாம்! 11 வயதில் கொடுக்கும் உதவியைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே கையை 7 வயது வரை கீழே நீட்டுங்கள் என்கிறேன்.

அதுவரை பெற்றோர் என்ன செய்வது? எனக்குத் தோன்றுவது இதுதான். கட்டணப் பட்டியலைப் பார்த்து நீங்களே "இல்லை" சொல்லிக்கொள்ளாதீர்கள், உதவித்தொகையைக் கேட்டுவிட்டு அவர்கள் சொல்லட்டும். அசோசியேட்ஸ் மாதிரியான வார இறுதி வகுப்புகளிலும் சலுகை உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். விடுதிப் பள்ளிக்கு மாற்றாக, வீட்டில் இருந்தபடி வாரக் கடைசியில் பயிலும் மேம்பட்ட பயிற்சி மையங்கள் இங்கிலாந்தில் பல நகரங்களில் இருக்கின்றன, அவற்றுக்கும் அதே திட்டத்தின் உதவி உண்டு. கடன் மட்டும் வாங்காதீர்கள். முப்பதுகளில் ஓய்வு பெற்றுவிடும் தொழில் இது, அதிலும் வேலை கிடைப்பவர் சிலரே. அக்காவுக்காக வாங்கிய கடனைத் தம்பியும் சேர்ந்துதான் சுமப்பான்.

முடியவில்லை என்றால் அது பெற்றோரின் தோல்வி இல்லை. ஒரு சம்பளத்தால் தூக்க முடியாத சுமையை ஒரு வீட்டின் தலையில் வைத்தது யார் என்றுதான் கேட்க வேண்டும். பில்லிக்கு ஒரு ஊரே சில்லறை சேர்த்தது. படம் பார்த்து எல்லோரும் கண் கலங்கினோம். அந்தச் சில்லறையைச் சேர்க்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்றுதான் நாம் யாரும் கேட்கவில்லை.