நீச்சல் குளத்துக்கு பெயின்ட்டா, புதுப் பூச்சா? முதலில் சுவரைத் தட்டிப் பாருங்க!

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் ஏறி கொல்லிமலை விடுதிக்கு வந்து சேர்ந்ததும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்விம்மிங் பூல் எங்கே?"

அந்தக் குளம் பழசாகி, நீலம் வெளுத்து, கால் வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறைக் கூட்டம் வரப்போகிறது. அது முடிந்தால் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாக் கூட்டம். உரிமையாளர் முன்னால் இருப்பது இரண்டே வழி: பெயின்ட் அடிப்பது, இல்லையென்றால் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு புதிதாகப் பூசுவது.

பெரும்பாலும் ஜெயிப்பது பெயின்ட்தான். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால், உள்ளே பூச்சு செத்துப்போயிருந்தால் மேலே அடிக்கும் பெயின்ட் வெறும் மேக்கப்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குளம் காலியாக இருக்கும்போது சின்னச் சுத்தியலால் சுவரையும் தரையையும் தட்டுங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. காலிப் பானையைத் தட்டுவது போலக் கேட்டால் பூச்சு விலகிவிட்டது. ஓரிரு இடத்தில்தான் அப்படி என்றால், அங்கே மட்டும் கொத்திப் பூசி, நன்றாகக் காயவிட்டு பெயின்ட் அடிக்கலாம். பல இடங்களில் அப்படிக் கேட்டால் புதுப் பூச்சுதான் வழி.

தண்ணீர் கசிகிறதா என்பதைக் காலி செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி குளத்தின் படியில் வையுங்கள். பக்கெட்டின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். குளத்தின் மட்டம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. அதை பெயின்ட் அடைக்காது.

எவ்வளவு வேலை?

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரும் தரையும் சேர்த்து 95 சதுர மீட்டர். 12 மி.மீ. பூச்சைக் கொத்தி எடுத்தால் இரண்டு டன்னுக்கு மேல் கழிவு. அது வளைவுகளில் இறங்க வேண்டும்; புதுச் சரக்கு ஏற வேண்டும். மலையில் புதுப் பூச்சுக்குத் தயங்குவது நியாயம்தான்.

ஆனால், ஆயுளையும் பார்க்கணும். அக்ரிலிக் பெயின்ட் இரண்டு மூன்று ஆண்டுகள், குளோரினேட்டட் ரப்பர் பெயின்ட் மூன்று முதல் ஐந்து, எபாக்ஸி ஐந்துக்கு மேல் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. வெள்ளை சிமென்ட்டும் மார்பிள் தூளும் கலந்த பூச்சு சரியாகப் பராமரித்தால் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். அதற்கு மேலே பெயின்ட்டும் தேவையில்லை.

கொல்லிமலையில் என்ன ஸ்பெஷல் சிக்கல்?

ஒன்று, ஈரம். சுவர் காயாமல் எபாக்ஸி அடித்தால் கொப்புளம் கிளம்பும். காலிக் குளத்தின் சுவரில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உள்ளே நீர்த்துளி இருந்தால் பிரஷ்ஷைத் தொடாதீங்க. மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்வதும் ஆபத்து. நிலத்தடி நீர் கீழிருந்து அழுத்தி, தொட்டியையே விரிசல் விட வைக்கலாம்.

இரண்டு, தண்ணீர். மழைநீரிலும் மலை ஓடை நீரிலும் பொதுவாக கால்சியம் குறைவு. அந்தக் குறையை அது சிமென்ட் பூச்சிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். சுவர் சொரசொரப்பாவதற்கு இதுவும் முக்கியக் காரணம். கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8 என்று வைத்திருக்க வேண்டும். இதைச் சோதிக்காமல் புதிதாகப் பூசினால், அந்தப் பூச்சும் அதே வழியில் போகும்.

யாரும் கணக்கில் எடுக்காத செலவு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் சுவரை ஆசிட் ஊற்றிக் கழுவுவது வழக்கம். அந்தத் தண்ணீரைச் சோடா உப்புப் போட்டு நடுநிலையாக்காமல் சரிவில் திறந்துவிட்டால் ஓடையில் கலக்கும். இங்கே ஓடைகள் சேர்ந்து அய்யாறாகி, ஆகாய கங்கையாக விழுகின்றன. சுற்றுலாப் பயணிகள் குளிப்பது அதில்தான்.

அடுத்து, குளத்துக்குள் இறங்குபவர்கள். ஆசிட் புகையும் எபாக்ஸி பெயின்ட்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானவை; காலிக் குளத்தின் அடியில்தான் தேங்கும். மின்விசிறி, சரியான முகக்கவசம், மேலே நின்று பார்க்க ஒரு ஆள் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. கூலி பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும்.

ஆக, எது சரி?

பூச்சு கெட்டி, கசிவு இல்லை, சுவர் காய்ந்திருக்கிறது என்றால் பெயின்ட் போதும். பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரிந்துகொண்டு அடியுங்கள். குளோரினேட்டட் ரப்பர் மேல் எபாக்ஸி ஒட்டாது. சுவர் காலிப் பானை மாதிரி ஒலித்தால், ஒரு சீசன் வருமானம் போனாலும் புதுப் பூச்சுதான் லாபம். இல்லாவிட்டால் அடுத்த கோடைக்குள் பெயின்ட் செதில் செதிலாக உரியும். அதில் சிராய்த்துக்கொள்வது, 70 வளைவுகள் தாண்டி ஆசையாக வந்த குழந்தையின் முழங்காலாக இருக்கும்.