உலைச் சுவரின் வெள்ளைக் கம்பளி

ஒக்லாந்தில் உலோகம் உருக்கும் இடங்களிலோ மட்பாண்டச் சூளைகளிலோ வேலைக்குச் சேரும் எம்மவர், உலைக்கதவின் உட்புறத்தில் ஒரு வெள்ளைக் கம்பளியைக் காண்பார்கள். பார்வைக்குப் பஞ்சு, உண்மையில் பீங்கான் சாதி. அலுமினாவையும் சிலிக்காவையும் உருக்கி, ஊதி, தலைமயிரிலும் மெல்லிய இழைகளாக்கிச் செய்வது.

ஒரு கன மீட்டர் சூளைக்கல் சுமார் 2000 கிலோ. இந்தக் கம்பளியோ 128 கிலோ அளவுதான். இதில் 95 வீதம் காற்று. அந்தக் காற்றை இழைகள் அசையவிடாமல் மறிப்பதால் வெப்பம் வெளியே வருவதில்லை.

பலம் எங்கிருந்து வருகிறது? ஊரில் தும்பு மெத்தை பார்த்திருப்பீர்கள். தும்பு படுக்கையாகக் கிடக்கும். நீளப்பாட்டில் இழுத்தால் தாங்கும். மேலும் கீழும் பிடித்து உரித்தால் தட்டுத் தட்டாகக் கழன்றுவிடும். பீங்கான் இழையும் அப்படியே. அதனால்தான் கம்பளி செய்யும்போது ஊசிகளால் குத்திச் சில இழைகளைக் குறுக்கே பின்னிவிடுகிறார்கள். அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடத்துக்கும் இதே தொல்லை இருந்தது. அதன் வெப்பத்தடுப்பு ஓடுகள் சிலிக்கா இழையால் ஆனவை. அடிப்பக்கத்தில் பிய்ந்து கழன்றுவிடும் என்று கண்டு, அந்தப் பக்கத்து இடைவெளிகளைச் சிலிக்காக் கூழால் அடைத்துப் பலப்படுத்திய பிறகே 1981 ஏப்ரல் 12 இல் ஏவினார்கள்.

எங்களுக்கு முக்கியமானது கம்பளி பழசாகும்போது நடப்பது. புது இழை கண்ணாடி போன்றது, மெல்லியதாகையால் வளையும். 1000 பாகைக்கு மேல் நெடுநாள் வெந்தால் இழைக்குள்ளே நுண்ணிய பளிங்குகள் வளரும். பிறகு வளையாது, முறியும். நெருப்புப் பக்கத்தில் விரல் பட்டாலே தூளாக உதிரும். அந்தத் தூளில் கிறிஸ்டோபலைற் எனும் பளிங்குச் சிலிக்காவும் இருக்கலாம். அது சுவாசப்பையைக் கெடுக்கும். புது இழையையே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1988 இல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பழைய கம்பளியைப் பிய்த்தெடுக்கும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். காய்ந்தபடி கூட்டாதீர்கள், காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், நனைத்து எடுங்கள். கடதாசி முகமூடி போதாது, முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அது பொருந்தாது. அந்த உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். இந்நாட்டின் 2015 ஆம் ஆண்டு வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டப்படி முகமூடிக்கு முதலாளி உங்களிடம் காசு அறவிட முடியாது.

ஆங்கிலம் மட்டு என்று பேசாமல் இருக்க வேண்டாம். 'சேஃப்டி டேற்றா ஷீற்' என்று கேளுங்கள், தருவார்கள். அதில் 'ரிஃப்ராக்டரி செரமிக் ஃபைபர்' என்று இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டாவது வாசிப்பியுங்கள். 'பயோ சொலுபிள்' என்றிருந்தால் ஆபத்துக் குறைந்த புது வகை. ஆனால் அதுவும் வெந்து பழசானால் உதிரும், அதற்கும் முகமூடி போடுங்கள்.