பாரீஸில் இருந்து லண்டன் போனால் திரும்ப முடியாதா? ஷெங்கன் விசாவில் கவனிக்க வேண்டிய ‘01’

பாரீஸ் வரை போயாச்சு, ரயில் ஏறி லண்டனையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம் என நினைக்கிறீங்களா? இந்திய பாஸ்போர்ட் என்றால் கொஞ்சம் நில்லுங்க.

ஷெங்கன் விசா 29 நாடுகளுக்குச் செல்லும். பிரிட்டன் அதில் இல்லை; தனி விசா வேண்டும். அது கையில் இருந்தாலும் போதாது. பாரீஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறும் முன்பே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகப் பதிவாகிவிடும். விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் ‘01’ இருந்தால் அவ்வளவுதான். 10 நாள் மிச்சமிருந்தாலும் பாரீஸுக்குத் திரும்ப முடியாது. ‘MULT’ என்று இருந்தால்தான் முடியும்.

அயர்லாந்தும் இதே கதைதான், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும்! ஒன்றியத்திலேயே இல்லாத சுவிட்சர்லாந்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

விண்ணப்பிக்கும்போதே லண்டன் திட்டத்தைக் காட்டி, பல முறை நுழையும் விசா கேளுங்கள். கிடைக்கலையா? லண்டனைக் கடைசியில் வைத்து, அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள்.