நாலு சர்வருக்கு நாலு ஓட்டையா?

பொது ஐபி ஒண்ணே ஒண்ணு. உள்ளே சர்வர் நாலு. வெளியூரிலிருந்து நாலுக்குள்ளேயும் போகணும். நம்மாளுங்க என்ன பண்றாங்க? ரவுட்டரைத் திறந்து 3389 முதல் சர்வருக்கு, 3390 அடுத்ததுக்கு, 3391 அதுக்கடுத்ததுக்குன்னு வரிசையா போர்ட் ஃபார்வர்டிங் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடறாங்க.

கேட்டா, "போர்ட்டை மாத்திட்டோமே, யாருக்குத் தெரியும்?"ங்கறாங்க. அட சாமி! 2013-ல் வந்த ஸீமேப், நல்ல லைன் இருந்தா ஒரு போர்ட்டை ஐபிவி4 இணையம் முழுக்க முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்துடும். 3390-க்கு இன்னொரு முக்கால் மணி, அவ்வளவுதான். கதவை வாசலிலிருந்து கொல்லைப்பக்கம் மாத்தினா திருடன் வரமாட்டானா?

"பாஸ்வேர்ட் பலமா இருக்கே"ன்னு அடுத்த சமாதானம். 2019 மே மாசம் தெரியவந்த ப்ளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படலை. மைக்ரோசாஃப்டே பதறிப்போய், 2014-லேயே கைகழுவின எக்ஸ்பிக்கும் பேட்ச் விட்டாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன ஆபீஸில் கணக்கு சர்வரை இப்படித் திறந்து வச்சிருந்தாங்க. ஒரு திங்கக்கிழமை காலையில் அத்தனை ஃபைலும் பூட்டிக் கிடந்தது. பேக்கப்? அதே மெஷினில் :-(

நான் சொல்றது, திறக்கிறதா இருந்தா ஒரே ஒரு வாசலைத் திறங்க. ஒரு பழைய பெட்டியில் லினக்ஸ், அதில் வயர்கார்ட், ரவுட்டரில் ஒரே ஒரு யுடிபி போர்ட். சரியான சாவி இல்லாம தட்டினா பதிலே வராது. உள்ளே நுழைஞ்சிட்டா நாலு சர்வரும் அதனதன் உள் முகவரியிலேயே கிடைக்கும். வெறும் எஸ்எஸ்ஹெச் போதும்னா ப்ராக்ஸிஜம்ப் 2016-லிருந்தே இருக்கு. அரை நாள் வேலை.

"அரை நாளுக்கெல்லாம் நேரமில்லை"ங்கறவங்க, முதல்ல பேக்கப்பையாவது வேற இடத்துக்கு மாத்துங்கப்பா!