அம்மாவின் டப்பாக் கணக்கு

பணம் எங்கிருந்து வந்தாலும், எங்கே கிடந்தாலும் ஒரே பணம்தான் என்பது பொருளாதாரப் பாடம். நம் வீட்டு அடுக்களையில் அப்படியா நடக்கிறது? பால்காரருக்கு ஒரு டப்பா, பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு டப்பா, கிறிஸ்துமஸ் துணிமணிக்கு இன்னொன்று. பால் பணம் தீர்ந்து போனாலும் துணிப் பணத்தில் கை வைக்கமாட்டார்கள் நம் தாய்மார்கள். “அம்மாவுக்குக் கணக்கு வராது” என்று சிரிக்கும் தோழியருக்காகவே இதை எழுதுகிறேன்.

உளவியல் அறிஞர்களான டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வர்ஸ்கி இருவரும் 1981-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 10 டாலர் டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்கப் போகிறீர்கள். வாசலில் ஒரு 10 டாலர் நோட்டு தொலைந்தது தெரிகிறது. டிக்கெட் வாங்குவீர்களா? 100-க்கு 88 பேர் வாங்குவோம் என்றார்கள். மற்றொரு கூட்டத்தாரிடம், நோட்டுக்குப் பதிலாக, வாங்கி வைத்த டிக்கெட்டே தொலைந்ததாகச் சொன்னார்கள். மறுபடி வாங்க ஒப்புக்கொண்டவர்கள் 46 பேர்தான்! நஷ்டம் இரண்டிலும் 10 டாலரே. ஆனால் டிக்கெட் ‘நாடக டப்பா’வில் இருந்த பணம் அல்லவா? பதில் சொன்னவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதையும் கவனியுங்கள். மனிதர் மனத்துக்குள் வைத்திருக்கும் இத்தகைய தனிப் பேரேடுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 2017-ல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, இது வெறும் பலவீனம்தானா? பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில் ஒரு வங்கி, குறித்த தேதியோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கை 710 பேருக்கு அளிக்க முன்வந்தது. வட்டியோ சாதாரணக் கணக்கின் அதே வட்டி. கணக்குப்படி பார்த்தால் யாரும் சேரக்கூடாது. 202 பேர் சேர்ந்தார்கள். இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றும் சொல்லும் மனம் உடையவர்கள் என்று சோதனையில் தெரிந்த பெண்களே அதிகம் விரும்பினார்கள். ஓராண்டு முடிவில், இவ்வாய்ப்புத் தரப்பட்டவர்களின் சராசரிச் சேமிப்பு, தரப்படாதவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்திருந்ததாக 2006-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. தன் மனத்தை அறிந்து அதற்குப் பூட்டுப் போடுகிறவளை அறியாதவள் என்று எப்படிச் சொல்வது?

ஒரு சங்கடத்தை மட்டும் மறைக்க இயலாது. டப்பாவில் பணம் இருக்கும்போதே, அவசரத்துக்கு வளையலை அடகு வைத்து வட்டி கட்டும் வீடுகள் உண்டு. “டப்பாவிலிருந்து எடுத்தால் யார் திருப்பி வைப்பார்கள்? அடகுக்காரர் என்றால் கேட்டு வாங்கிவிடுவாரே” என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் விலை என்ன என்று பார்க்க வேண்டாமா? அங்கேதான் படிக்கிற மகள் பயன்படலாம். அடகுச் சீட்டில் உள்ள வட்டியை மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டு, அந்த டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். திறப்பதா வேண்டாமா என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும்.