எரிமலைத் தீவில் காவடி! மொரீசியஸ் போக எந்த மாதம் நல்லது?

எரிமலை கக்கிய குழம்பில் பிறந்த தீவு அது. அங்கே தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். அன்று நாடு முழுவதும் அரசு விடுமுறை. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது.

தீவின் பெயர் மொரீசியஸ். நம் பெரியவர்கள் "மோரீசு" என்று சொல்வார்கள். அதன் தலைநகரம் போர்ட் லூயி.

வெளிநாடு போவது ஒரு காலத்தில் பணக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்தது. இன்று அப்படி இல்லை. மோகனூர் போன்ற ஊர்களிலும், கரும்புப் பணம் வந்ததும், பிள்ளைக்கு நல்ல வேலை கிடைத்ததும், "ஒருமுறை எல்லாரும் சேர்ந்து போய் வரலாமே" என்ற பேச்சு எழுகிறது.

உடனே பாட்டி கேட்பார்: "எரிமலை இருக்கிற ஊராமே, வெடித்தால் என்ன செய்வது?"

நல்ல கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. எந்த மாதத்தில் போவது? அந்த ஊரில் உயிரைப் பறித்தது நெருப்பு அல்ல, மழை வெள்ளம். அது ஏன் என்று தெரிந்துகொண்டால், பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதும் தெரிந்துவிடும்.

தூங்கும் எரிமலை

முதலில் பாட்டியின் கேள்விக்குப் பதில்.

சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்துமாக் கடலின் அடியில் எரிமலை வெடித்தது. குழம்பு கொட்டிக் கொட்டி இறுகியது. கடலுக்கு மேலே தலை தூக்கியது. அதுதான் மொரீசியஸ் தீவு.

தீவு பெரியது அல்ல. பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். நம் நாமக்கல் மாவட்டத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த எரிமலை பல்லாயிரம் ஆண்டுகளாக நெருப்புக் கக்கவில்லை. தூங்குகிறது. கியூர்பிப் என்ற ஊரில் அதன் வாய் ஒன்றை இன்றும் பார்க்கலாம். சுமார் 300 மீட்டர் அகலமுள்ள பெரிய கிண்ணம் போல இருக்கும். உள்ளே மரங்கள் வளர்ந்திருக்கின்றன. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் விளிம்பில் நடந்து வரலாம்.

விழித்துக்கொண்டிருக்கும் எரிமலை பக்கத்துத் தீவில் இருக்கிறது. அதன் பெயர் ரீயூனியன். பிரெஞ்சு நாட்டுக்குச் சொந்தமான தீவு. கடல் தாண்டிப் போக வேண்டும். அங்கேயும் தமிழ் வமிசத்தார் வாழ்கிறார்கள். அந்த எரிமலை அடிக்கடி பொங்கும். ஆனால் பொங்கும் இடம் பெரும்பாலும் ஆள் இல்லாத பள்ளம். நம் நாட்டிலும் விழித்திருக்கும் எரிமலை ஒன்று உண்டு. அந்தமானில் உள்ள பாரன் தீவில் இருக்கிறது. அங்கேயும் குடியிருப்பு இல்லை.

ஆகவே, போர்ட் லூயியில் நெருப்புக் குழம்பை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

மலை தந்த வெள்ளம்

எரிமலை தூங்கினாலும் அது உண்டாக்கிய மலைகள் அப்படியே நிற்கின்றன. போர்ட் லூயிக்குப் பின்னால் அவை அரைவட்டமாக நகரைச் சுற்றி நிற்கின்றன. முன்னால் கடல். நடுவில் நகரம்.

அந்த மலைகளில் ஒன்றின் பெயர் பியட்டர் போத். உயரம் 820 மீட்டர். உச்சியில் ஒரு பாறை, மனிதன் தலை போல உட்கார்ந்திருக்கும். இன்னொரு மலை கட்டைவிரல் போல நிற்கிறது. அதற்குப் பெயரே பிரெஞ்சு மொழியில் "கட்டைவிரல்" என்பதுதான். உயரம் 812 மீட்டர். நம் கொல்லிமலையைவிட இவை உயரம் குறைவு. ஆனால் செங்குத்தானவை.

மலைக்கும் கடலுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான் இருக்கிறது. மலையில் கொட்டிய மழை சற்று நேரத்தில் தெருவுக்கு வந்துவிடும். அந்தச் சின்ன இடத்துக்குள் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. ஓடைகள் குறுகிவிட்டன. தண்ணீர் வேறு எங்கே போகும்? சாலையில்தான் ஓடும்.

காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு வெள்ளம் புதிது அல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேட்டூர் அணை நிரம்பினால் வானொலியில் சொல்லிவிடுவார்கள். அணையில் திறந்த தண்ணீர் மோகனூர் வந்து சேரப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஒலிபெருக்கி வைத்து எச்சரிப்பார்கள். ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடலாம். போர்ட் லூயியில் அந்த அவகாசம் கிடைக்காது. அங்கே கணக்கு மணியில் இல்லை, நிமிடத்தில்.

11 உயிர் போன நாள்

2013-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி, சனிக்கிழமை. போர்ட் லூயியில் பேய்மழை கொட்டியது. இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 150 மில்லி மீட்டர்! நகரின் நடுவில் வெள்ளம் புகுந்தது. 11 பேர் இறந்தார்கள்.

அவர்களில் பலர் எங்கே இறந்தார்கள் தெரியுமா? துறைமுகச் சாலையைக் கடக்க அமைத்த சுரங்கப்பாதையிலும், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த கார் நிறுத்தும் இடத்திலும். மழைக்கு ஒதுங்க நல்ல இடம் என்று தோன்றும் இடமே எமனாக முடிந்தது.

2017-ல் வெள்ள வடிகாலுக்கு என்றே தனிச் சட்டம் போட்டார்கள். தனி அமைப்பும் உண்டானது. ஆனாலும் 2024 ஜனவரி 15-ந் தேதி "பெலால்" என்ற புயல் தீவை நெருங்கியபோது போர்ட் லூயி வீதிகள் மறுபடி ஆறுகளாயின. கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. காலையில் வேலைக்கு வந்தவர்கள் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள். எச்சரிக்கை சரியான நேரத்தில் வரவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். வானிலைத் துறைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25-ந் தேதி. புயலுக்குப் பத்தே நாள் கழித்து!

நம் குடும்பங்களுக்கு உள்ள சிக்கல் இதுதான். காவடி பார்க்கப் போக வேண்டிய மாதமும், புயல் அடிக்கும் மாதமும் ஒன்றாக இருக்கின்றன.

மகனைக் கூப்பிட்ட ஊர்

அப்படியானால் தைப்பூசத்தை விட்டுவிடலாமா? அவ்வளவு எளிதில் விட முடியாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

கோபித்துக்கொண்டு போன முருகனைப் பார்வதி தேவி "மகனே" என்று கூப்பிட்ட இடம் மோகனூர் என்பது தலக்கதை. மகனூர்தான் மோகனூர் ஆனதாம். தாய் கூப்பிட்டாள், மகன் நின்றான்.

மொரீசியசுக்குப் போன மகன்களை யாரும் கூப்பிட்டு நிறுத்த முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் அடிமை முறையை ஒழித்தபோது, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏழைகளைக் கப்பல் ஏற்றினார்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து நாலரை லட்சம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் போய் அந்த நகரைக் கட்ட உதவியிருக்கிறார்கள்.

கப்பலில் வந்தவர்கள் இறங்கி ஏறிய 16 கல் படிகள் போர்ட் லூயி துறைமுகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்த இடத்துக்கு "ஆப்ரவாசி காட்" என்று பெயர். 2006-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கரும்பு விவசாயிகள் அங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கரும்புத் தோட்டங்களின் நடுவே கருங்கற்கள் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். எல்லாம் எரிமலைக் கல். அடிமைகளும், பின்னால் வந்த கூலிகளும் கையால் பொறுக்கிக் குவித்தவை. அந்தக் கல்லை அகற்றிய பிறகுதான் அங்கே கரும்பு நட முடிந்தது. கரும்பு நட்டு, சோகை உரித்து, வெட்டி, கட்டுக் கட்டிய கைகளுக்கு அந்தக் கல் குவியலின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று வீட்டில் கிரியோல் மொழி பேசுகிறார்கள். ஆனால் முருகனை விடவில்லை. தமிழ் எழுத்தையும் விடவில்லை. 1998-ல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னே போட்டார்கள். தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. 1999-ல் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழை வைத்து மறுபடி அச்சிட்டது. 100 ரூபாய் நோட்டில் இருக்கும் படம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வமிசத் தலைவருடையது.

இதையெல்லாம் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும். ஆனால் ஆபத்து இல்லாமல் காட்ட வேண்டும்.

எப்போது போவது?

அங்கே பருவம் நமக்குத் தலைகீழ். நமக்கு மார்கழிக் குளிர் என்றால் அவர்களுக்குக் கோடை. நவம்பர் முதல் மே நடு வரை புயல் காலம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் ஆபத்து மிகுந்த மாதங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்ச்சி. மழை குறைவு. அக்டோபரும் நல்ல மாதம்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்களா? மே மாதக் கடைசி இரண்டு வாரம் பொருத்தமானது. நம் கோடை விடுமுறை முடிந்திருக்காது. அவர்கள் புயல் காலம் முடிந்திருக்கும்.

பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் போனால் ஜூன் முதல் அக்டோபர் வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

காவடிதான் பார்க்க வேண்டும் என்றால் தைப்பூசத்துக்கே போங்கள். ஆனால் திரும்பும் நாளை நெருக்கி வைக்காதீர்கள். மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். புயல் வந்தால் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். அந்த மூன்று நாளுக்குச் சாப்பாட்டுச் செலவும் அறை வாடகையும் கையில் இருக்க வேண்டும். கடன் வாங்கிப் போகிறவர்கள் இந்த மாதத்தில் போவது நல்லதல்ல.

எங்கே தங்குவது?

புயல் மாதத்தில் போனால் போர்ட் லூயியின் தாழ்ந்த பகுதியில் தங்க வேண்டாம். மேட்டில் உள்ள ஊர்களில் தங்கலாம். போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் வரை இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. இந்திய அரசின் உதவியோடு இந்தியக் கம்பெனி கட்டிய ரயில் அது. வழியில் கத்ர் போர்ன் என்ற ஊர் வரும். அங்கே மலையடிவாரத்தில் புகழ்பெற்ற முருகன் கோயில் இருக்கிறது. காந்தமலை முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கேயும் மலைமேல் பார்வை போகும்.

பகலில் போர்ட் லூயி போய் 16 படிகளையும், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு மாலையில் மேட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம்.

நினைவில் வைக்க வேண்டியவை

இந்தியர்கள் சுற்றுலாவுக்குப் போக முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. ஆனால் பாஸ்போர்ட் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும், கைக்குழந்தைக்கும் வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் மூன்றையும் காட்டச் சொல்வார்கள். விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் வாங்குமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும்.

நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவது போல, அங்கே 1 முதல் 4 வரை எச்சரிக்கை எண் சொல்வார்கள். எண் ஏற ஏற ஆபத்து ஏறும். 1 என்று கேட்டதும் தண்ணீர், ரொட்டி, மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 3 என்று கேட்ட பிறகு ஊர் சுற்றக் கூடாது. 4 என்றால் வாசலில் கால் வைக்கக் கூடாது.

புயல் இல்லாமல் வெறும் மழையாக வந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. 11 பேரைக் கொன்றது புயல் அல்ல, ஒரு பிற்பகல் மழை. மழை வலுத்தால் சுரங்கப்பாதையில் இறங்காதீர்கள். அடித்தளத்தில் நிறுத்திய காரை எடுக்கப் போகாதீர்கள். மாடிக்கு ஏறுங்கள். கார் போனால் இன்னொரு கார் வாங்கலாம்.

பயணம் போகிறவர்கள் பெட்டியில் என்ன வைப்பது என்று பத்து நாள் யோசிக்கிறார்கள். எந்த மாதம் போவது என்பதை ஒரே நொடியில் முடிவு செய்துவிடுகிறார்கள். எரிமலைத் தீவுக்குப் போகிறவர்கள் இதை மாற்றிச் செய்ய வேண்டும். முதலில் மாதம், அடுத்து தங்கும் ஊர், கடைசியில் பெட்டி.