பிள்ளையின் மூச்சா, அரைப்பேரா?



சென்ற மழைக்காலத்தில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. மாலையில் லயத்துக்குப் போய் விசாரித்தேன். "தம்பிக்குச் சளி டீச்சர். அம்மா மலைக்குப் போயிருச்சு, நான்தான் பார்த்துக்கிறேன்" என்றாள். அடுப்புப் புகை நிறைந்த காம்பராவில் ஒன்றரை வயதுத் தம்பி கிடந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அன்றிரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நியூமோனியா என்றார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

அந்தத் தாயைக் குறை சொல்லாதீர்கள். முதல் நாள் கைமருந்தும் பனடோலும் கொடுத்தாள். இரண்டாம் நாள் போனபோது டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் போய்விடும், ஆட்டோவுக்கும் காசில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். அங்கே போய்ச் சேருவதற்குத்தான் நம்மவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

பெற்றோர் இதை மனதில் வையுங்கள். இருமலோ சளியோ உள்ள பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வீட்டில் மிஞ்சிய பழைய மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பவை இவை. நோயுற்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. இரவில் தோட்ட வாகனம் கிடைக்க வேண்டும். சாரதியின் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு லயத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். டிஸ்பென்சரி ஒழுங்காகத் திறக்கப்பட வேண்டும். பிள்ளை மடுவத்தில் வேலை செய்வோருக்கு இந்த அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி கொடுக்க வேண்டும். தோட்டத் தலைவர்மார் துரையுடன் நடத்தும் அடுத்த பேச்சிலேயே இதை முன்வைக்க வேண்டும்.

அதுவரை, தாய்மாரே, பேருக்காகக் காத்திருக்காதீர்கள். வெட்டிய பேரைச் சங்கம் போராடி வாங்கித் தரும். போன உயிரை எந்தச் சங்கத்தாலும் வாங்கித் தர முடியாது.